ஆளில்லாத போர்ட்டை இன்னும் எத்தனை நாள் சுமப்பது?

வாசகர் கேள்வி:
என்னிடம் ஆட்டம் என்270 சிப் போட்ட பழைய நெட்புக் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12 நன்றாகவே ஓடுகிறது. 13-க்குப் போகலாம் என்று பார்த்தால் 32-பிட்டுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கர்னலும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நிறுத்தவேண்டும்? நான் ஒருத்தன்தான் பயன்படுத்துகிறேன் என்றாலும் நானும் பயனர்தானே? சுதந்திர மென்பொருள் என்று பேசிவிட்டு இப்படிக் கழற்றிவிடலாமா?

2025 நவம்பர் 5

முதலில் நெட்புக். டெபியன் 12-க்கு நீள்காலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை உண்டு. அதுவரை நிம்மதியாக ஓட்டுங்கள். என்270 முழுக்க 32-பிட் சிப், அதில் 64-பிட் ஏறாது. அதற்குப் பின்னால் வந்த என்450 மாதிரியான ஆட்டம்களில் ஏறும். சந்தேகம் இருப்பவர்கள் சிபியூ விவரத்தில் கொடிகள் (flags) வரிசையைப் பாருங்கள். 'எல்எம்' (lm) என்று இருந்தால் 64-பிட்.

இனி நியாயத்துக்கு வருவோம். ஒருத்தர் என்றாலும் பயனர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு போர்ட்டை, அதாவது ஒரு சிப் வகைக்கென்று மாற்றியமைத்த மென்பொருளை, வைத்துக்கொள்வதா விடுவதா என்பது தலைகளை எண்ணி முடிவாவதில்லை. அந்த போர்ட்டில் பில்ட் (எழுதிய நிரலிலிருந்து ஓடும் மென்பொருளை உருவாக்குவது) உடைந்தால் மற்ற எல்லாரும் நிற்கவேண்டுமா என்பதில்தான் முடிவாகிறது.

டெபியனில் அதிகாரபூர்வ கட்டமைப்பு (சிப் வகை) என்றால் வெறும் பெயர்ப்பட்டியல் இல்லை. நான் ஒரு பேக்கேஜை (மென்பொருள் பொதியை) அன்ஸ்டேபிள் என்ற முதல் படியில் ஏற்றினால் அது எல்லா அதிகாரபூர்வ கட்டமைப்பிலும் பில்ட் ஆகவேண்டும். ஏற்கெனவே பில்ட் ஆகிக்கொண்டிருந்த ஒரு கட்டமைப்பில் இப்போது தோற்றால், அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்குக்குப் போகாது. என்னை நம்பி நிற்கும் பேக்கேஜ்களும் போகாது. ஆக அந்த போர்ட்டுக்குக் கொடுத்திருப்பது இடம் மட்டும் இல்லை, எல்லாரையும் நிறுத்திவைக்கும் உரிமையும் சேர்த்துத்தான். வீட்டில் பாட்டிக்கு ரத்தக்கொதிப்பு என்றால் அவருக்கு உப்பில்லாமல் தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. வீடு முழுக்க உப்பில்லாமல் சாப்பிடவேண்டும் என்றால்தான் சண்டை.

தனிக் கிண்ணத்துக்கு டெபியனில் ஏற்பாடு இருக்கிறது: டெபியன்-போர்ட்ஸ். எம்68கே, ஆல்ஃபா, ஹெச்பிபிஏ, எஸ்ஹெச்4 மாதிரியான பழைய சிப் வகைகள் எல்லாம் அங்கேதான். நிரல் கோடு அழியவில்லை, பில்டும் நடக்கிறது, ஆனால் அவர்களால் வெளியீட்டை நிறுத்த முடியாது. சரியான இடம் என்பது என் கட்சி.

2025 நவம்பர் 6

"நீங்கள் பெரிய கம்பெனிக்காரர் மாதிரிப் பேசுகிறீர்கள்" என்று ஒரு பதில். நான் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு சின்ன பேக்கேஜ், ஸ்கேன் செய்த பக்கங்களை அடுக்கி ஒரே கோப்பாக்கும் கட்டளை. வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து பார்ப்பது. இந்தச் சண்டையில் என் பங்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

பேக்கேஜ் கைக்கு வந்த புதிதில் ஆர்ம் கட்டமைப்பில் மட்டும் பில்ட் தோற்றது. பில்ட் பதிவான லாகைத் திறந்தால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. கம்பைல் ஆகியிருக்கிறது, சோதனை ஆரம்பித்திருக்கிறது, அதோடு சத்தமே இல்லை. கடைசி வரி, 150 நிமிடம் அசைவில்லாததால் பில்ட் கொல்லப்பட்டது என்கிறது. என் லேப்டாப்பில் அதே சோதனை ஒரு நொடியில் முடிகிறது.

கையில் ஆர்ம் மெஷின் இல்லை. வேறு சிப்பைப் போல நடிக்கும் கியூஇஎம்யூவில் ஒரு டெபியனை ஏற்றி, பிழைதேடும் கருவியான ஜிடிபி போட்டு நிறுத்திப் பார்த்தபோது, கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் லூப் முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய ஆசிரியர் படித்த எழுத்தை ஒரு பைட் அளவுள்ள 'கேர்' வகை மாறியில் போட்டு, கோப்பு முடிந்ததா என்று பார்க்க அதை ஈஓஎஃப்புடன் ஒப்பிட்டிருக்கிறார். ஈஓஎஃப் என்பது கழித்தல் 1. சாதாரண பிசி சிப்பான எக்ஸ்86-ல் கேர் குறியுள்ள எண் (கழித்தல் எண்ணும் ஏற்கும்) என்பதால் கழித்தல் 1 அப்படியே நிற்கும், லூப் முடியும். ஆர்மில் கேர் குறியில்லாதது. கழித்தல் 1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும். 255 எந்தக் காலத்திலும் கழித்தல் 1 ஆகப்போவதில்லை.

இதில் எக்ஸ்86-க்கும் ஒரு செய்தி உண்டு. அங்கேயும் அந்தக் கோடு தப்புதான். கோப்புக்குள் 255 என்ற பைட் இருந்தால் பாதியிலேயே முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். ஸ்கேன் படத்தில் 255 எங்கே இருக்காது? இத்தனை வருடம் சில கோப்புகள் அரைகுறையாக வெளிவந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை. ஆர்ம்தான் காட்டிக்கொடுத்தது.

2025 நவம்பர் 6, இரவு

மேலே எழுதியதை வைத்தே என்னை மடக்கிவிட்டார் ஒருவர். "அப்படியானால் அரிய போர்ட்கள்தானே பக் பிடிக்கின்றன, அவற்றுக்கு நிறுத்தும் உரிமை வேண்டாமா?"

வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. பக் பிடிக்கும் போர்ட்டுக்கு ஒரு குணம் தனியாக இருக்கவேண்டும். குறியில்லாத கேர் ஆர்மில் கிடைத்துவிடுகிறது. பைட் வரிசை தலைகீழான பிக்-எண்டியனுக்கு எஸ்390எக்ஸ் போதும். ஐபிஎம்மின் பெரிய நிறுவனக் கணினியான மெயின்ஃப்ரேம், காசு கொடுக்க ஆளிருக்கிற போர்ட். நினைவகத்தில் ஒழுங்கில்லாத முகவரியைத் தொட்டால் அங்கேயே விழுந்து சாகும் கண்டிப்பு வேண்டுமென்றால் ஸ்பார்க்.

எம்68கேயின் தனிக்குணம் என்ன? 32-பிட் எண்ணைக்கூட 2 பைட் எல்லையில் வைக்கும். பாயிண்டரின் கடைசி 2 பிட் எப்போதும் சுழியமாக இருக்கும் என்று நம்பி அதில் கொடி ஒளித்துவைக்கும் மென்பொருள் எல்லாம் அங்கே உடையும். அதைச் சரிசெய்வதால் வேறு எந்த மெஷினுக்கும் லாபமில்லை, எம்68கேக்கு மட்டும்தான். பேட்ச் (திருத்தம்) அனுப்பினால் சேர்த்துக்கொள்வேன். அது வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கவேண்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2025 நவம்பர் 9

யார் தங்குவார்கள் யார் போவார்கள் என்று ஊகிப்பவர்கள் 2005 கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

அந்த வருடம் ஜூனில் வந்த சார்ஜ் என்ற டெபியன் வெளியீட்டில் 11 கட்டமைப்புகள். எல்லாம் ஒன்றாகத் தயாராகவேண்டும் என்று காத்திருந்து காத்திருந்து வெளியீடு தள்ளிப்போனது. மார்ச்சில் வெளியீட்டுக் குழுவும் காப்பகக் குழுவும் வான்கூவரில் கூடி ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: அடுத்த வெளியீட்டுக்கு 11-ஐ ஏறக்குறைய 4 ஆக்கிவிடலாம். மடலாடல் பட்டியல் பற்றி எரிந்தது. அந்த 4 எவை தெரியுமா? ஐ386 (32-பிட் பிசி), பவர்பிசி, ஐஏ-64, ஏஎம்டி64 (64-பிட் பிசி).

இப்போது பாருங்கள். இன்டெலின் இட்டானியம் சிப்புக்கான ஐஏ-64, 2015-ல் ஜெஸ்ஸி வெளியீட்டோடு வெளியே. பவர்பிசி 2017-ல் ஸ்ட்ரெச்சோடு வெளியே. ஐ386 இந்த ஆகஸ்டில் டிரிக்ஸியில் (டெபியன் 13) அரை உயிர். 4 பேரில் முழு உயிரோடு நிற்பது ஏஎம்டி64 மட்டும். கழற்றப்படவிருந்த பட்டியலில் இருந்த ஆர்மின் வாரிசுதான் இன்று பாதி சர்வர்களில் பேச்சு. எஸ்390-இன் வாரிசும் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறது. 2007-லேயே வெளியேற்றப்பட்ட எம்68கே, டெபியன்-போர்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு இன்னும் பேக்கேஜ் பில்ட் செய்கிறது!

அந்தக் குழுவை முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. 2004-ல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 512 இட்டானியம் 2 சிப்கள் கொண்ட ஆல்ட்டிக்ஸ் மெஷினுக்கு கல்பனா சாவ்லாவின் நினைவாகக் 'கல்பனா' என்று பெயர் வைத்தார்கள். அதுவும் சேர்ந்து 10,240 சிப்களோடு உருவான கொலம்பியா, அந்த வருட நவம்பரில் உலக சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் 2-ஆம் இடம். ஓடியது லினக்ஸ். அந்த வருடத்தில் உட்கார்ந்து இட்டானியத்தை யார் கழற்றுவார்கள்?

எனவே "இதற்கு எதிர்காலம் உண்டா" என்று பார்த்து போர்ட்டைத் தேர்வுசெய்வது ஜோசியம். இன்று பில்ட் மெஷின் இருக்கிறதா, உடைந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் ஜோசியம் தேவையில்லை.

2025 நவம்பர் 10

எஸ்390எக்ஸை வீட்டில் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவருக்கு. ஆமாம், மெயின்ஃப்ரேமை வீட்டில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. வைக்க வீடும் இல்லை.

2025 நவம்பர் 12

மேலே பயனர் எண்ணிக்கையை ரொம்பத் தட்டிக்கழித்துவிட்டேன் என்று இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தது உண்டு. வான்கூவர் சண்டை அடங்கியபின் அடுத்து வந்த எட்ச் வெளியீட்டுக்கு எழுதிய விதிகளில், அந்தக் கட்டமைப்பில் வேலை செய்கிறோம் என்று 5 டெவலப்பர்கள் உறுதி சொல்லவேண்டும், 50 பயனர்களாவது இருப்பதைக் காட்டவேண்டும் என்று இருந்தது. மெஷினை எண்ணக்கூடாது, ஆட்களை எண்ணவேண்டும்.

50 என்பது எவ்வளவு சின்ன எண் என்று கவனியுங்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்திகூட நிரம்பாது. கூட்டத்தை அளக்க வைத்த எண் இல்லை அது. உடைந்தால் சத்தம்போட ஆளிருக்கிறதா என்று பார்க்கத்தான். டெபியனின் பயன்பாட்டுக் கணக்கெடுப்பான பாப்கான் எண்ணை நீட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பாப்கான் விருப்பப்பட்டவர்கள் மட்டும் நிறுவிக்கொள்வது. அதில் ஒரு போர்ட் கீழே இருப்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்த போர்ட்டில் பூட் ஆகாத கர்னல் வெளியாகி, மாதக்கணக்கில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் அதுதான் சாட்சி.

2025 நவம்பர் 13

இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டவருக்கு. அவர்கள் வழி வேறு. பில்ட் அந்தந்த மெஷினிலேயே நடக்கவேண்டும், வேறு மெஷினில் கம்பைல் செய்து கொண்டுவருவது கணக்கில் வராது. அதனால் மெஷின் அடுக்கை நிஜமாகவே ஓட்டவேண்டும். 2014 ஜனவரியில் கரண்டு பில்லுக்கு 20,000 டாலர் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். வாக்ஸ் மாதிரியான கிழட்டு மெஷின்களை அணைத்தால் பில் குறையுமே என்று ஊர் முழுக்க யோசனை சொன்னது. அவர்கள் மசியவில்லை, பணமும் வந்தது. ஆனால் 2016-ல் 5.9 வெளியீட்டோடு வாக்ஸ் நின்றது.

நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் வேகமான வேறு மெஷினில் கிராஸ்-கம்பைல் செய்கிறது. வாக்ஸ் அங்கே இன்னும் இருக்கிறது. சிப் ஒன்று, வயது ஒன்று, ஒரு இடத்தில் உயிர், இன்னொரு இடத்தில் இல்லை. பில்ட் செய்யும் முறைதான் வித்தியாசம். "இந்த சிப் பழசு, அதனால் போகட்டும்" என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

2025 நவம்பர் 16

இட்டானியத்தை இவ்வளவு சுலபமாகக் கடந்துபோகாதீர்கள் என்கிறார் ஒருவர். இட்டானியத்தில் ஓடிய ஹெச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தில் காலம் ஓட்டியவர் போலிருக்கிறது. நானும் ஓட்டியிருக்கிறேன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசவேண்டும். அவ்வளவு ஃபேன் சத்தம். மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் போர்ட் எப்படிப் போனது என்று பாருங்கள், படிப்படியாக. ரெட் ஹேட் தன் லினக்ஸின் 5-ஆம் பதிப்போடு நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வோடு நிறுத்தியது. இன்டெல் 2021 ஜூலையோடு சிப் அனுப்புவதை நிறுத்தியது. அந்த வருட ஜனவரியிலேயே லினக்ஸில் ஐஏ-64 பராமரிப்பாளர் இல்லாத அநாதை என்று குறிக்கப்பட்டுவிட்டது. கடைசியில் 6.7 கர்னலில் ஏறக்குறைய 65,000 வரிகள் நீக்கப்பட்டன. அது வெளியானது 2024 ஜனவரி 7.

அந்த 65,000 வரி சும்மா கிடந்தால் என்ன கெட்டுப்போகிறது என்பார்கள். சும்மா கிடக்காது என்பதுதான் விஷயம். நினைவக மேலாண்மையில் ஒருத்தர் ஒரு ஃபங்ஷனை மாற்றினால், எல்லாக் கட்டமைப்புக் கோப்புறையிலும் அதற்கேற்ற மாற்றத்தை அவரே செய்யவேண்டும். இட்டானியம் மெஷின் அவரிடம் இல்லை. கியூஇஎம்யூவிலும் இட்டானியம் கிடையாது. கம்பைல் ஆகிறது, ஓடுமா தெரியாது என்ற நிலையில் பேட்ச் அனுப்புகிறார். ஆளில்லாத போர்ட்டின் செலவு இப்படித்தான் ஆளிருக்கும் இடத்தில் போய் விழுகிறது.

2025 நவம்பர் 16, சற்று கழித்து

"ஹெச்பியின் ஸ்கி சிமுலேட்டர் இருக்கிறதே" என்று உடனே வந்துவிட்டது திருத்தம். இருக்கிறது, ஆர்வலர்கள் இப்போதும் சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள். நான் சொன்னது, எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிற கருவியில் இல்லை என்று. பேட்ச் அனுப்புகிற ஒவ்வொருவரும் தனியாக ஒரு சிமுலேட்டரைத் தேடிப் பில்ட் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

2025 நவம்பர் 19

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. டெபியன்-போர்ட்ஸ் மாதிரி ஒரு தனி இடம் இருந்தால் போதும், போர்ட் பிழைத்துக்கொள்ளும் என்ற தொனியில் எழுதிவந்திருக்கிறேன். இட்டானியத்தை மறுபடி படித்தபோது அதில் அவ்வளவு உறுதி இல்லை.

கர்னலிலிருந்து எடுத்தபோது, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கதவைச் சாத்தவில்லை. வெளியே ஒரு வருடம் ஒழுங்காகப் பராமரித்துக் காட்டினால் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். ஆட்களும் வந்தார்கள், வெளியே ஒரு கிளையை நடத்துகிறார்கள். கம்பைலரான ஜிசிசி 14-ல் இட்டானியம் காலாவதி என்று குறித்தார்கள், பிறகு ஒருவர் பொறுப்பேற்க முன்வந்ததும் 15-ல் அந்தக் குறியை எடுத்துவிட்டார்கள். ஆனால் சி நூலகமான ஜிலிப்சி 2.39-லேயே நீக்கியாகிவிட்டது. ஆக கம்பைலர் உள்ளே, சி நூலகம் வெளியே, கர்னல் வெளியே. ஒவ்வொரு திட்டமும் தன் கணக்குப்படி சரியாகத்தான் முடிவெடுத்தது. திரும்ப வருகிறவர்தான் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கவேண்டியிருக்கிறது.

நிறுத்தும் உரிமையைப் பறிப்பது வேறு, வீட்டைவிட்டே அனுப்புவது வேறு என்று கோடு போட்டேன். டெபியனுக்குள் அந்தக் கோடு தெளிவு. கர்னலில் அப்படி ஒரு திண்ணை கிடையாது. கர்னலின் நிரல் மரத்துக்குள் இருந்தால் எல்லாரும் சுமக்கிறார்கள், வெளியே போனால் யாரும் சுமப்பதில்லை. அந்த நடுவிடத்தை அங்கே எப்படி உண்டாக்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

2025 நவம்பர் 22

ரஸ்ட் நிரல்மொழி விஷயத்தைக் கிளப்பாமல் இந்த இழை முடியாது என்று தெரியும். அக்டோபர் 31 அன்று, டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட்டின் பராமரிப்பாளர் அறிவித்துவிட்டார்: 2026 மேக்கு முன்னால் இல்லை, அதற்குப்பின் ஏப்ட்டுக்கு ரஸ்ட் கட்டாயம். ரஸ்ட் கம்பைலர் இல்லாத போர்ட்கள் 6 மாதத்துக்குள் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும், முடியாவிட்டால் மூடிக்கொள்ளவேண்டும். ஆல்ஃபா, ஹெச்பிபிஏ, எம்68கே, எஸ்ஹெச்4-க்கு நேரடி அடி.

என் கட்சிப்படி இதை நான் ஆதரிக்கவேண்டும். ஆதரிக்கவும் செய்கிறேன், பேக்கேஜ் வரும் .டெப் கோப்பைப் பிரித்துப்படிக்கும் கோடு சி++-இல் இருப்பதைவிட ரஸ்டில் இருப்பது நல்லது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். டெபியன்-போர்ட்ஸில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே யாரையும் நிறுத்தும் உரிமை இல்லை. இப்போது போவது அவர்களுடைய சொந்தக் கிண்ணம். 2021-ல் பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் 3.4 பதிப்பில் ரஸ்டைக் கொண்டுவந்தபோது ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் கொதித்தார்கள். அது ஒரு நூலகம், பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். ஏப்ட் இல்லாமல் டெபியன் என்று ஒன்று இல்லை.

6 மாதம் என்பதை ஒரு வருடமாக்கியிருக்கலாம். இவர்களுக்கு வேலை நிறைய, கை குறைவு. கெடுவை நீட்டுவதால் மற்றவர்களுக்கு ஆகும் செலவு, பழைய ஏப்ட் கிளையை இன்னும் கொஞ்சநாள் வைத்திருப்பது, அவ்வளவுதான்.

2025 நவம்பர் 23

இல்லை, நான் ரஸ்ட் எதிரி இல்லை. மேலே ஆதரிக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

2025 நவம்பர் 30

ஐ386-ஐப் பற்றிக் கேட்டுத் தொடங்கிய இழையில் அதைத் தவிர எல்லாம் பேசியாகிவிட்டது. "நிறுத்திவிட்டார்கள்" என்று எல்லாரும் எழுதுகிறோம், நிறுத்தவில்லை. கர்னலும் இன்ஸ்டாலரும்தான் போயின. நூலகங்கள் 32-பிட்டில் தொடர்ந்து பில்ட் ஆகின்றன, 64-பிட் மெஷினில் பழைய விளையாட்டுகளும், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயினும் ஓடுவதற்காக. கடந்த வருடம் 32-பிட் கட்டமைப்புகளின் நேரக் கணக்கை, 32-பிட் நேர எண் 2038-ல் நிரம்பி வழியும் பிரச்சினைக்காக 64-பிட்டாக மாற்றியபோதும் ஐ386-ஐ மட்டும் பழையபடி விட்டுவிட்டார்கள். பழைய பைனரிகள் (கம்பைல் செய்த கோப்புகள்) உடைந்துவிட்டால் அதை வைத்திருப்பதற்கே காரணம் இல்லாமல் போகும் என்பதால்.

விளைவு விநோதம். தனியாக பூட் ஆக வழியில்லாத போர்ட் அது, ஆனால் அதில் பில்ட் உடைந்தால் என் பேக்கேஜ் இப்போதும் நிற்கும். நெட்புக்காரருக்கு இடம் போய்விட்டது, நிறுத்தும் உரிமை மட்டும் விளையாட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. இதைத் தப்பென்று சொல்லமாட்டேன், சத்தம்போட ஆளிருக்கும் இடத்தில் உரிமை நிற்கிறது. ஆனால் ஸ்கேன் பக்கம் அடுக்கும் கட்டளையை 64-பிட் மெஷினில் 32-பிட்டாக யார் ஓட்டப்போகிறார்கள்? நூலகத்துக்கு அந்த நியாயம் சரி, தனிக் கட்டளைகளுக்கு எடுத்துவிடலாம்.

2025 டிசம்பர் 4

என் பேக்கேஜுக்கு என்ன முடிவு என்று கேட்டவர்களுக்கு. ஐ386-ல் பில்டை நிறுத்தச் சொல்லி, காப்பகத்திலிருந்து அந்த பைனரியை எடுக்க வேண்டுகோள் எழுதிவைத்திருக்கிறேன். அனுப்பும் முன் இதை நம்பி நிற்கும் பேக்கேஜ் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எஸ்390எக்ஸ் தோற்றால் வெளியீட்டை நானே நிறுத்துவேன், அதில் மாற்றமில்லை. எம்68கே காரர் ஒருவர் நேற்று 4 வரி பேட்ச் அனுப்பியிருந்தார், நினைவகத்தில் ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) அளவை ஊகிக்காமல் நேரடியாகக் கேட்கும்படி. சேர்த்துவிட்டேன். ஹெச்பிபிஏவில் சோதனை இன்னும் தோற்கிறது, லாக் போட்டிருக்கிறேன். யாரிடமாவது மெஷின் இருந்தால் பாருங்கள், அவசரமில்லை.